டிரைவர் பக்கத்துப் பின்கதவு

வாங்க, வாங்க. கேட்டைச் சாத்த வேண்டாமுங்க, அப்படியே விட்டுட்டு வாங்க. விளம்பரம் பாத்துட்டு போன் பண்ணுனது நீங்கதானுங்களே? குரலைக் கேட்டு வயசானவருன்னு நெனச்சன், சின்ன வயசாத்தான் இருக்கறீங்க. செருப்பைக் கழட்டாதீங்க, வண்டி வெளியதான் நிக்குது. உள்ள கூப்பிட்டு ஒரு காப்பி குடுக்கலாம்னா போடறதுக்கு ஆளில்ல. எங்க ஊட்டுல அவங்க அப்பா ஊட்டுக்குப் போயிருக்கறாங்க. காங்கயத்துக்குப் பக்கத்துல. இந்த வண்டி இங்கிருந்து போயிருச்சுன்னா வந்துருவாங்கன்னு எம்பட மச்சான் சொல்றான். அதுக்குத்தான் விக்கறதே. மத்தபடி விக்கற வண்டி இல்லீங்க இது.

இந்தாங்க, பாருங்க. சுத்தி வந்து பாருங்க.

என்ன கேட்டீங்க? புதுசா பெயிண்ட் அடிச்சதான்னா? வர்றவங்க எல்லாருமே இதையே கேக்கறாங்க. நேத்து வந்தவரு நம்பவே இல்ல. கதவோரத்து ரப்பரை எல்லாம் நெம்பி நெம்பிப் பாத்தாரு, உள்ள வேற கலரு இருக்குதான்னு. இல்லீங்க. வண்டி வர்றப்பவே இருந்த அதே கருநீலம்தான், மேல ஒரு சொட்டு அடிக்கல. மெஷின் வெச்சு பாலிஷ் போட்டிருக்கறன், அவ்வளவுதான். கடைக்கும் குடுக்கல. நானே கத்துக்கிட்டு நானே போட்டது.

எனக்கு பனியன் கம்பெனியில துணி செக்கிங்குங்க. அடியில லைட்டு எரியற மேசை ஒண்ணு இருக்கும், அது மேல துணி ஓடிட்டே இருக்கும். நின்னு பாத்துட்டே இருக்கோணும். ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்ட எடம், எது வந்தாலும் நிறுத்தி ஸ்டிக்கர் ஒட்டோணும். எம்பட கண்ணைத் தாண்டி ஒரு ஊசி ஓட்டை போனதில்ல. பெருமைக்குச் சொல்லலீங்க, எங்க கம்பெனியில யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. கல்யாணத்துக்குப் போனாக்கூட மாப்பிள்ளை மூஞ்சி கண்ணுல படாது, அவன் சட்டைக் காலருல தையல் விட்டிருக்கறதுதான் படும். எங்க ஊட்டுல இதுக்கே சண்டை போடுவாங்க. நான் என்ன பண்றது, பொழப்பு அப்படி.

இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு ஒரு வண்டி அழுக்குப் புடிச்சு வாசல்ல நின்னா எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

நல்லா இருந்த வண்டிதானுங்க. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேத்த வருசம் வாங்குனது. நிறைமதின்னு பேரு, நாங்க பாப்பான்னுதான் கூப்பிடுவம். ஒண்ணாவது படிச்சிட்டு இருக்கறப்ப காய்ச்சல் வந்துச்சு. டெங்குன்னாங்க. இதே வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனன், பின்சீட்டுல அவங்கம்மா மடியில படுத்துக்கிட்டே வந்தா. ஊட்டுக்கு வர்றப்ப ஆம்புலன்சுல வந்தா. அதுக்கு மேல அதைப் பத்திப் பேசறதுக்கு ஒண்ணுமில்லீங்க.

அதோட வண்டியக் கொண்டுவந்து அந்தப் புங்க மரத்துக்கு அடியில நிறுத்துனதுதான். ரெண்டு மழைக்காலம் போயிருச்சு. நான் கம்பெனி பஸ்ஸுல போயிட்டு வந்துட்டு இருந்தன். காக்கா எச்சம் பட்டுக் காஞ்சு, பெயிண்ட்டே அங்கங்க அம்மை போட்டாப்பல ஆயிருச்சு. புங்கம்பூ உழுந்து மக்கி, பிசின் ஒட்டி, அதுக்கு மேல மண்ணு. எப்பவாச்சும் மனசு கேக்காம போர்த் தண்ணியப் புடிச்சு ஊத்துவன். அது அதைவிடக் கெடுதலுங்க. எங்க போர்த் தண்ணியில உப்பு சாஸ்தி, காஞ்ச எடமெல்லாம் வெள்ளை வெள்ளையா வட்டம். கருநீலம்னு யாருமே சொல்ல மாட்டாங்க. சாம்பக் கலரு.

பொழுது உழுகற நேரத்துக்கு எங்க ஊட்டுல வெளிய வருவாங்க. வாணின்னு பேரு, கோகிலவாணி. நேரா வந்து இந்தக் கதவுகிட்ட, டிரைவர் பக்கத்துப் பின்கதவு, இதுகிட்ட நிப்பா. குனிஞ்சு பாத்துட்டே இருப்பா. மேக்கால வெயிலு சாஞ்சு கதவு மேல அடிக்கும். வெயிலு போற வரைக்கும் நிப்பா, அப்பறம் உள்ள போயிருவா. தெனமும் இதே வேலை. மழை பேஞ்சா மட்டும் வர மாட்டா, அன்னிக்குப் பூரா யாரோடயும் பேச மாட்டா.

இந்தக் கதவைத் தொறந்துதானுங்க பாப்பாவைத் தூக்கி உள்ள படுக்க வெச்சது. அந்த நாளையே நெனச்சு நெனச்சு அவ உருகிட்டு இருக்கறா, இந்த வண்டி இப்படிப் பொணமாட்டம் நிக்கற வரைக்கும் அவளுக்கு அந்த நாளு போகாதுன்னு எனக்குப் பட்டுச்சு. பட்டது தப்பா? நீங்களா இருந்தா என்ன நெனச்சிருப்பீங்க?

ஒருக்கா என்னையக் கூப்பிட்டா. "ஏனுங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்களே"ன்னா. அவளா வாயத் தொறந்து கூப்பிட்டதே அபூர்வம், நானும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஓடுனன். கதவு மேல விரலைக் காட்டறா. குனிஞ்சு பாத்தன். கோடு. ஒண்ணு மேல ஒண்ணா கிறுக்கலாட்டம் கோடு. பாப்பா போட்டதுதான். வண்டி மேல தூசி இருந்தாப் போதும் அவளுக்கு, ஐஸ் குச்சிய எடுத்துட்டு வந்துருவா. விரலால எழுதுனாலே தூசி அரைச்சுக் கோடு உழும், இவ குச்சியில. எத்தனையோ தடவை வஞ்சிருக்கறன்.

நான் சொன்னன், "ஆமா வாணி, கோடு இருக்குது. எடுத்தறலாம், நீ கவலைப்படாதே"ன்னு.

அவ என்னைப் பாத்தா. உள்ள போயிட்டா. சொல்லியிருக்கலாமில்லீங்க? வாயத் தொறந்து வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன மெஷினைத் தூக்கியிருப்பனா? இதை நான் மச்சான்கிட்டயும் கேட்டன், மாமனாருகிட்டயும் கேட்டன்.

அப்பறம்தான் செல்போன்ல வீடியோ பாக்க ஆரம்பிச்சன். பாழாப்போன வண்டியெல்லாம் புதுசாட்டம் ஆகறதைக் காட்டறாங்க. மெஷினை வாங்கிட்டன். வாங்கிட்டா ஆச்சா? எங்க தெருக்கோடியில அன்வர்னு ஒருத்தரு டிங்கரிங் பட்டறை வெச்சிருக்கறாரு, பெயிண்ட்டும் அடிப்பாரு. எனக்குப் பழக்கம். அவருகிட்ட ஒடஞ்ச பானெட் ஒண்ணைக் கேட்டு வாங்கியாந்து, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அதுலதான் பழகுனன்.

லேசுன்னு நெனச்சுக்காதீங்க. கலருக்கு மேல கண்ணாடியாட்டம் மெல்லிசா ஒரு பூச்சு இருக்குது. கிளியர் கோட்டும்பாங்க. கீறலெல்லாம் அதுலதான் இருக்கும். பாலிஷுன்னா எல்லாரும் கோட்டை அழிக்கறதுன்னு நெனச்சுக்கறாங்க. கோட்டை எப்படீங்க அழிக்கறது? கோடுங்கறது பள்ளம். பள்ளத்தைச் சுத்தி இருக்கற மேட்டை எல்லாம், பள்ளத்தோட அடி வரைக்கும் தேச்சுத் தேச்சு எறக்கறதுதான் பாலிஷு. சுத்தியும் எறங்கிருச்சுன்னா அப்பறம் பள்ளம் எங்கிருக்கும்? இல்ல. இது புரியறதுக்கே எனக்குக் கொஞ்ச நாளாச்சு.

மெஷினை ஒரே எடத்துல வெச்சு அழுத்துனா சூடு ஏறிப் பூச்சு வெந்துரும். மொத நாளே அன்வரு பானெட்டோட ஓரத்தை வேக வெச்சுட்டன், உள்ள இருக்கற கலரு மெஷினுல மாட்டற பஞ்சுல ஒட்டிக்கிட்டு வந்துருச்சு. ஓரத்துலயும் மடிப்புலயும் பூச்சு ரொம்ப மெல்லிசு, அங்கெல்லாம் டேப்பு ஒட்டிக்கோணும். பாலிஷ் மருந்தைப் பஞ்சுல நாலு பொட்டு வெச்சு, ஒரு முழத்துக்கு ஒரு முழம் கட்டம் கட்டிக்கிட்டு, இப்படிக்கா ஒரு ஓட்டம், அப்படிக்கா ஒரு ஓட்டம். அவசரமே ஆகாது. பொறங்கைய வெச்சுச் சூடு பாக்கோணும். தொடச்சிட்டு லைட்டு அடிச்சுப் பாக்கோணும். லைட்டு அடிச்சுப் பாக்கறதுல என்னைய அடிச்சுக்க ஆளில்லைன்னு அன்வரே சொன்னாரு.

வைகாசியில மச்சான் தங்கராசுவோட கொழந்தைக்குக் காதுகுத்து. வாணி முன்னாடியே கெளம்பிப் போயிட்டா. நான் விசேசத்தன்னிக்கு மட்டும் தலையக் காட்டிட்டு, கம்பெனிக்கு லீவு சொல்லிட்டு ஊட்டுக்கு வந்துட்டன். அவ வர்றதுக்குள்ள முடிச்சு வெச்சுட்டு, வந்தொடனே காட்டோணும்னு ஆசை. காட்டிட்டு, அதுலயே உக்கார வெச்சு சிவன்மலைக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வரோணும். அவ மறுபடி இந்த வண்டியில ஏறி உக்காந்துட்டாப் போதும், மத்ததெல்லாம் தன்னால சரியாயிரும்னு நெனச்சன். சிரிக்காதீங்க. நெசமாலுமே அப்படித்தான் நெனச்சன்.

லாரித் தண்ணி வாங்கி ஊத்திக் கழுவுனன். சோப்புத் தண்ணிய அடிச்சுக்கிட்டே களிமண்ணாட்டம் ஒரு கட்டிய வெச்சுத் தேச்சன், மண்ணும் பிசினுமா கறுப்பு கறுப்பா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அப்பறம் மெஷினு. மேக்கூரை, பானெட், முன்கதவு. சாம்பலுக்குள்ள இருந்து கருநீலம் எந்திரிச்சு வர்றதைப் பாக்கோணுமே! பக்கத்து ஊட்டு ஆளுங்க எல்லாம் காம்பவுண்டுச் செவுரு மேல கைய வெச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தாங்க. முதுகு விட்டுப் போச்சு, கை மரத்துப் போச்சு. ஆனா ஒண்ணு சொல்றனுங்க, வெக்கத்தை விட்டுச் சொல்றன். பாப்பா போனதுக்கு அப்பறம் நான் சந்தோசமா இருந்தது அந்த நாளுகள்லதான். வேலை செய்யறப்ப அவ நெனப்பே வரல.

கடைசியா இந்தக் கதவு. இதைத்தான் கடைசிக்குன்னு வெச்சிருந்தன். எல்லாக் கோட்டையும் விட இதுல கோடு ஆழம். நகத்தை வெச்சு இழுத்துப் பாக்கோணும், நகம் மாட்டாட்டி மெஷினுக்கே போயிரும். மாட்டுச்சுன்னா தண்ணிக் காகிதம், தண்ணி தொட்டுத் தேக்கற நைசான உப்புத்தாளு, அதைப் போட்டுத் தேக்கோணும். இதுல ரெண்டு மூணு எடத்துல நகம் மாட்டுச்சு. கைப்பிடிக்குக் கீழ ஒரு எடம், அங்கதான் ரொம்ப மோசம், குச்சிய அழுத்தி வெச்சுத் திருப்பியிருக்கறா.

அந்த நேரம் பாத்து அன்வர் வந்தாரு. வண்டியச் சுத்தி வந்தாரு, அசந்துட்டாரு. இந்தக் கதவுகிட்ட வந்ததும் குனிஞ்சு பாத்துட்டு, "அண்ணா, இது பாப்பா போட்டதுங்களா?"ன்னாரு.

"ஆமா"ன்னன்.

"அப்ப இது ஒண்ணை விட்டுருங்களேண்ணா. மத்ததெல்லாந்தான் போட்டாச்சே."

எனக்குச் சுருக்குன்னுச்சு. பாருங்க, தொழில் புத்தி. இத்தனை நாளு கூடவே இருந்துட்டு, கஷ்டமான எடம் வந்ததும் விடச் சொல்றான். நான் விட்டுட்டா நாளைக்கு அந்தக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கற வேலை அவனுக்குத்தானே வரும்? "இல்லீங்க அன்வரு, எடுத்துக் காட்டறன் பாருங்க"ன்னு சொல்லிட்டன். அவரு ஒரு மாதிரி நின்னாரு. அப்பறம் போயிட்டாரு. அதுல இருந்து இந்தப் பக்கம் வர்றதே இல்ல. பொறாமைங்க, வேறென்ன.

ஒரு நாள் முழுக்க இந்த ஒரு கதவுதான். கம்பெனியில இருந்து செக்கிங் லைட்டைக் கேட்டு வாங்கியாந்து, பக்கத்துல வெச்சுக்கிட்டு, மூக்கு கதவுல இடிக்கறாப்பல உக்காந்து பாத்துப் பாத்துச் செஞ்சன். தண்ணிக் காகிதம், அப்பறம் கம்பளிப் பஞ்சு, அப்பறம் மெத்துப் பஞ்சு. ஒவ்வொரு கோடா மங்கி, பாதியாகி, அப்பறம் இல்லாமப் போச்சு. கைப்பிடிக்குக் கீழ இருந்தது மட்டும் போக மாட்டீங்குது. அதையும் எடுத்தன்.

அதுக்கு மக்யா நாளு பொழுது சாயற நேரத்துல தங்கராசு அவளைக் கூட்டியாந்தான். வண்டிய வாசலுக்கு நேரா நிறுத்தி, சந்தனம் குங்குமம் வெச்சு, பூப் போட்டு வெச்சிருந்தன். தங்கராசு வாயப் பொளந்துட்டான். "இது நம்ம வண்டியா மாமா?"ன்னான். வாணி மொகத்துல கூட ஒரு ஆச்சரியம் வந்துச்சுங்க, நான் பாத்தன். அப்படியே சுத்தி இந்தக் கதவுகிட்ட வந்தா.

குனிஞ்சா. இந்தப் பக்கமா தலையச் சாச்சா, அந்தப் பக்கமாச் சாச்சா. வெயிலு நல்லா அடிக்குது. உள்ளங்கைய வெச்சுத் தடவுனா. மேலருந்து கீழ, கைப்பிடிக்கு அடியில, திரும்ப மேல. "எங்கீங்க?"ன்னா.

"எடுத்தாச்சு!"ன்னன்.

"எல்லாமேவா?"

"ஒண்ணு விடாம எடுத்தாச்சு. நீதான பாத்துப் பாத்து வெசனப்பட்டுட்டு இருந்தே? இனி பாரு, தேடுனாலும் கெடைக்காது."

அவ அழுகலீங்க. அழுதிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். வளையல்ல ஊக்கு மாட்டியிருப்பா, பொம்பளைங்க மாட்டியிருப்பாங்களே, அதைக் கழட்டுனா. கழட்டி, கதவுல வெச்சு இழுத்தா. அப்பத்தான் முடிச்ச கதவுங்க! ஒரு கோடு இழுத்தா. நின்னா. கண்ண மூடி யோசிச்சா. பக்கத்துல வளைச்சு இன்னொரு கோடு. அப்பறம் தலைய ஆட்டிக்கிட்டு அதுக்கு மேலயே இன்னொண்ணு. "இப்படி இல்ல, இப்படி இல்ல"ன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கறா. நான் கத்திட்டே ஓடிப் போயி கையப் புடிச்சுட்டன். கொஞ்சம் அழுத்தித்தான் புடிச்சிருப்பன், வளையல் ஒடஞ்சு ரத்தம் வந்துருச்சு. தங்கராசு என்னைய ஒரு பார்வை பாத்தான். நான் வேணும்னா பண்ணுனன்? அவதானுங்க வேணும்னு பண்ணுனா. ஒருத்தன் முதுகு ஒடிய வேலை செஞ்சு வெச்சிருக்கறான், அதை ஊக்கெடுத்துக் கீறுனா எவனுக்குத்தான் கோவம் வராது?

மக்யா நாளு விடியக்காலம் எந்திரிச்சு மொத வேலையா மெஷினை எடுத்தன். ஊக்குக் கோடு குச்சிக் கோட்டைவிட ஆழம். திரும்பத் தண்ணிக் காகிதம் போட்டு எறக்கி, திரும்பப் பாலிஷ் போட்டன். நடுவுல ஒருக்கா தலையத் தூக்கிப் பாத்தப்ப வாணி வாசக்கதவு நெலவுகிட்ட நின்னு பாத்துட்டு இருந்தா. கையில மஞ்சள் வெச்சுத் துணி சுத்தியிருந்தா. கோவம் எறங்கிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டு வேலையப் பாத்தன். மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. முடிச்சுட்டு நிறுத்தறன், ஊடு பூரா சத்தமே இல்ல. தங்கராசு கூடப் போயிட்டா. பாப்பா துணி வெச்சிருந்த பெட்டியும் இல்ல.

அது வைகாசி. இப்ப ஆவணி முடியப் போகுது. நான் போயிக் கூப்பிட்டன், வரல. கூப்பிடப் போனா ரூமுக்குள்ளயே இருந்துக்கறா. மாமனாரு வாசல்லயே உக்கார வெச்சுத் தண்ணி குடுத்து அனுப்பறாரு. தங்கராசுதான், "அந்த வண்டி அங்க நிக்கற வரைக்கும் அவ வர மாட்டா மாமா, அதைத் தொலைச்சுத் தலை முழுகுங்க"ன்னான். அதுக்குத்தான் விளம்பரம் குடுத்தன்.

இருங்க, இருங்க. சாவி தர்றன், ஓட்டிப் பாக்கலாம். இதை மட்டும் கேட்டுட்டுப் போங்க. இதைக் கேக்காம நீங்க வண்டியத் தொடறதுல பிரயோசனம் இல்ல.

முந்தாநேத்து வாணியே போன் பண்ணுனா. இத்தனை மாசத்துல மொத தடவை. அவ பேரைப் பாத்ததும் ரெண்டாவது மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துட்டனுங்க. கோவமே இல்ல குரல்ல. முன்னெல்லாம் கறிவேப்பிலை வாங்கிட்டு வரச் சொல்லிக் கேப்பாளே, அந்தக் குரலு. "ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். யோசிச்சுச் சொல்றீங்களா?"ன்னா.

"கேளு சாமி"ன்னன்.

"அந்தச் சேவல் எந்தப் பக்கம் பாத்துட்டு இருந்துச்சு?"

எனக்கு ஒண்ணும் புரியல. எந்தச் சேவல்ன்னன். "கதவுல பாப்பா போட்டிருந்தாளே, அதுங்க. பக்கத்து ஊட்டுச் சேவல். பானெட் மேல ஏறி உக்காந்துக்குமே, அதோட தெனம் சண்டை போடுவாளே, அதைத்தான் போட்டிருந்தா. வாலு பெருசாப் போட்டிருந்தா. எனக்கு வாலு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னே நெனப்பு வர மாட்டீங்குது. காயிதத்துல போட்டுப் பாத்தன், தரையில போட்டுப் பாத்தன், வர மாட்டீங்குது. தெனமும் பாத்தனே, எனக்கே மறந்துருச்சுங்க. நீங்க நாள் பூரா லைட்டு வெச்சுக்கிட்டுக் கிட்ட உக்காந்து பாத்தீங்கல்ல? உங்க கண்ணுக்குத் தப்பாதே. சொல்லுங்க, கைப்பிடிப் பக்கம் இருந்தது வாலா, தலையா?"

அவளுக்கு எம்பட கண்ணு மேல அவ்வளவு நம்பிக்கை பாருங்க.

நான் யோசிச்சன். நெசமாலுமே யோசிச்சனுங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னன். "கைப்பிடிக்குக் கீழதான் வாணி ஆழம் சாஸ்தி, நகம் மாட்டுச்சு. முன்பக்கம் மேலாப்பல இருந்துச்சு, அது மெஷினுக்கே போயிருச்சு"ன்னன். அப்பறம், "சரிங்க"ன்னா. வெச்சுட்டா.

சேவல்னே எனக்குத் தெரியாதுங்க. அது படம்னே எனக்குத் தெரியாது. கோட்டைப் பாத்தன், ஆழத்தைப் பாத்தன்.

போட்டோவா? அதையும் பாத்தாச்சு. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னால எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வெச்சிருக்கறன், வீடியோவுல அப்படித்தான் செய்யச் சொல்றாங்க. உச்சி வெயில்ல எடுத்தது. இந்தக் கோடெல்லாம் சாஞ்ச வெயிலுக்குத்தான் தெரியும். அதுல தூசிதான் இருக்குது. அன்வரு பட்டறைக்கும் போனன், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் பேசுனாரு. "படம்னு தெரிஞ்சுச்சுண்ணா. எந்தப் பக்கம்னு கவனிக்கலயே"ன்னாரு. அந்தச் சேவலையும் போன ஆடியில அறுத்துட்டாங்க.

வெலையெல்லாம் அப்பறம் பேசிக்கலாமுங்க. வேணும்னா எடுத்துக்குங்க, வேண்டாட்டிப் போங்க. இப்ப எனக்கு ஒரு ஒதவி பண்ணுங்க. பொழுது சாஞ்சிருச்சு, வெயிலு கதவு மேல வந்துருச்சு, இதுதான் சரியான நேரம். உங்களுக்குச் சின்னக் கண்ணு. இப்படி வந்து, முட்டி போட்டு உக்காந்துக்குங்க, தலையக் கொஞ்சம் சாச்சுக்குங்க. கைப்பிடிக்குக் கீழ பாருங்க. அங்கதான் ஆழம். ஏதாச்சும் வளைவாட்டம் தெரியுதா? மேல போறாப்பலயா, கீழ எறங்கறாப்பலயா? தெரிஞ்சாச் சொல்லுங்க, இப்பவே அவளுக்கு போன் போட்டுச் சொல்லிடறன். சொன்னா வந்துருவாளுங்க. அது ஒண்ணுதான கேட்டா.

நல்லாப் பாருங்க. அவசரமில்ல.

இல்லீங்களா?

தெரியாதுங்க. நானும் தெனம் உக்காந்து பாக்கறன். அவ்வளவு சுத்தமா எடுத்திருக்கறன்.